சுற்றுச்சூழல் மேலாண்மையில் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) நிஜமாகவே பயன்படுகிறதா, வெறும் வரைபடம் போடுவதோடு சரியா?

பயன்படுகிறது. எனக்குப் பழக்கமான ஏரி வேலையை வைத்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். எல்லாவற்றையும் நடந்து பார்த்து முடியாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் என்ற நுணுக்கத்தில், இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வைத்து ஜிஐஎஸ் வேலை செய்யும் க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு இல்லை. தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்ப்பரப்பு தனியாகத் தெரியும். என்டிடபிள்யூஐ என்ற நீர்க் குறியீடு இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றவும் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகும் ஓர் ஏரியில் பாதிப் பரப்புக்குக்கூடத் தண்ணீர் காட்டவில்லை. நேரில் போனால் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்துகொண்டிருக்கிறது! கரையில் மாடு மேய்த்த பெரியவர், "தண்ணி நெறையக் கெடக்கு தம்பி, மேல ஆகாயத்தாமரை மூடியிருக்கு" என்று ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினார். கறுத்த வேரிலிருந்து தண்ணீர் சொட்டியது. இலை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் அந்த இடமெல்லாம் கணக்கில் தரையாகிவிட்டது. அப்புறம்தான் அந்தப் பச்சையையே தனி அடுக்காக வரையத் தொடங்கினேன். சாக்கடை கலக்கும் ஏரியில் ஆகாயத்தாமரை வேகமாகப் பரவும். அது எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று மாதவாரியாகப் பார்த்தால், கழிவு எந்தப் பக்கம் வருகிறது என்று தேட ஒரு துப்பு கிடைக்கும்.

என்னைக் கேட்டால், ஜிஐஎஸ்ஸின் பெரிய பலன் வரத்துக்காலில்தான் இருக்கிறது. ஏரியைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள், ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியை யாரும் தேடுவதில்லை. நில அளவையின் புல வரைபடத்தை ஸ்கேன் செய்து, மதகு, எல்லைக் கல் போன்ற அசையாத புள்ளிகளை வைத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அதே வட்டாரத்தில் வறண்டு கிடந்த இன்னோர் ஏரிக்கு இப்படிச் செய்தோம். காகிதத்தில் நேராக ஓடிய கால்வாய், படத்தில் ஒரு தார்ச்சாலையோடு நின்றுபோனது. அங்கே போய் மண்ணைக் கிளறினால் உள்ளே சிமெண்ட் குழாய், வாய் வரை மண் அடைத்து.

30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று இலவசமாகக் கிடைக்கும் தரை உயரத் தரவை வைத்துக் கால்வாயின் சரிவைக் கணக்கிடாதீர்கள். அதில் உயரமே சில மீட்டர் தவறலாம். நம் ஊர்ச் சமவெளியில் கால்வாயின் மொத்தச் சரிவே அவ்வளவு இருக்காது. அதற்கு உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியோடு வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.