ஹோசாவும் கொரியமும்: ஒப்பீடு குறித்த கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் வேரூன்றிய ஹோசா மொழியையும் கொரிய மொழியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதையொட்டி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். ஒலியியல் என் துறை என்பதால் ஒலி பற்றிய விடைகள் நீளும்; மற்றவை சுருங்கும்.

கேள்வி: இரண்டும் ஒரே மொழிக்குடும்பமா?

இல்லை. ஹோசா, ஆப்பிரிக்காவின் நடு, தெற்குப் பகுதிகளில் பேசப்படும் பாண்டு மொழிகளுள் ஒன்று. அதே நாட்டின் சுலு மொழிக்கு மிக நெருங்கியது. கொரியத்துக்கு ஜெஜு தீவின் பேச்சைத் தவிர ஐயமற நிறுவப்பட்ட உறவு எதுவும் இல்லை. உறவில்லாத மொழிகளை ஒப்பிடுவது வீண்வேலை அன்று. அதிலிருந்து வம்சாவளியைத் தேடுவதுதான் வீண்வேலை.

கேள்வி: ஹோசாவின் சொடுக்கொலிகளைத் தமிழர் ஒலிக்க முடியுமா?

முடியும், அவற்றை நீங்கள் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பிறர் துன்பம் கேட்டு உச்சுக் கொட்டும்போது நாக்கு நுனி பல்லின் பின்புறத்தை விட்டுப் பிரிகிறதே, அந்த ஒலியை ஹோசாவில் ரோமன் 'சி' எழுத்தால் குறிக்கிறார்கள். வண்டிக்காரர் மாட்டை விரட்ட வாயோரத்தில் எழுப்பும் ஒலி 'எக்ஸ்'. நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று கீழே இழுத்தால் எழும் 'டொக்' என்ற ஒலி 'க்யூ'. தனியே சொடுக்குவது எளிது. அதைச் சொல்லுக்குள் வைத்து, உயிரெழுத்தோடு இடைவெளியின்றிச் சேர்த்து, மூச்சொலியாகவும் மூக்கொலியாகவும் மாற்றி மாற்றி ஒலிப்பதில்தான் பயிற்சி தேவை. பாண்டு மக்கள் தெற்கே பரவியபோது அங்கே முன்பே வாழ்ந்த கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து இந்த ஒலிகள் வந்தன. கொரியத்தில் இவை இல்லை.

கேள்வி: கொரியத்தில் 'அப்பா' என்றால் அப்பாதானாமே? அப்படியானால்?

அப்படியானால் ஒன்றுமில்லை. குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள் இதழொலிகள். அவற்றைப் பெற்றோர் எல்லா நாட்டிலும் தமக்கென எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை.

கேள்வி: சொடுக்கொலியை விட்டுவிட்டால், ஒலியமைப்பில் இரண்டுக்கும் உண்மையான ஒற்றுமை ஏதேனும் உண்டா?

நான் காத்திருந்த கேள்வி. கொரியத்தில் சொல்லின் தொடக்கத்தில் மூன்று வகைத் தகரங்கள் வரும். தளர்வான தகரத்தோடு 'தல்' என்றால் நிலா. இறுக்கமான தகரத்தோடு மகள். மூச்சோடு கூடிய தகரத்தோடு முகமூடி. மூன்றிலும் குரல்நாண்களின் அதிர்வு இல்லாததால், 'த'வையும் 'ட'வையும் நுட்பமாகப் பிரித்தறியும் நம் காதுக்கும் இவை ஒன்றுபோலவே கேட்கும். பழைய தலைமுறையினர் தளர்வான தகரத்தையும் மூச்சுத் தகரத்தையும் வெளிப்படும் காற்றின் அளவால் வேறுபடுத்தினர். 1960-களுக்குப் பின் பிறந்த சோல் நகரத்தாரிடம் அந்தக் காற்று வேறுபாடு மங்கிவிட்டது. தளர்வான மெய்க்குப் பின்வரும் உயிர் தாழ்ந்த சுருதியிலும் மற்ற இரண்டுக்குப் பின்வருவது உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது. மெய் செய்துவந்த வேலையை உயிரின் சுருதி ஏற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது ஹோசாவுக்கு வாருங்கள். அது உயர்சுருதி, தாழ்சுருதி என இரண்டைக் கொண்டு பொருளை வேறுபடுத்தும் மொழி. ஆனால் எழுத்தில் சுருதி குறிக்கப்படுவதில்லை. அதில் ஒரு தொகுதி மெய்களுக்குச் 'சுருதியிறக்கிகள்' என்று பெயரிடலாம்: அவற்றுக்குப் பின்வரும் உயிரின் சுருதி கீழே இழுக்கப்படும். இந்த மெய்களை அதிர்வொலிகள் என்று பழைய இலக்கண நூல்கள் வகைப்படுத்தின. கருவிகளால் அளந்தபோது அவற்றுள் பலவற்றில் அதிர்வு மிகக் குறைவாகவே இருந்தது. அங்கேயும் கேட்பவர் பெரிதும் நம்புவது சுருதியைத்தான். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், குரல்வளையின் ஒரே இயல்பினால் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்: ஹோசாவில் சுருதி முன்பே பொருள் வேறுபடுத்தும் கருவியாக இருந்தது, மெய் அதைக் குலைக்கிறது, சோல் பேச்சில் மெய்யே அந்தக் கருவியைப் புதிதாக உண்டாக்குகிறது. 15-ஆம் நூற்றாண்டுக் கொரியத்தில் சுருதி இருந்ததும், எழுத்தின் இடப்பக்கம் புள்ளியிட்டு அதைக் குறித்ததும், தென்கிழக்குக் கொரியாவின் கியோங்சாங் வட்டாரப் பேச்சில் அது இன்றும் வாழ்வதும் வேறு கதை.

கேள்வி: எது கடினம்?

யாருக்கு? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கணக்கில் ஹோசாவுக்கு ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிநேரமும் கொரியத்துக்கு 2,200 மணிநேரமும் ஒதுக்கப்படுகின்றன. அது ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு. வினையை இறுதியில் வைத்துப் பழகிய நமக்கு அது பொருந்தாது.

கேள்வி: இரண்டும் சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துப் பொருளை மாற்றும் ஒட்டுநிலை மொழிகள் என்கிறார்களே?

ஆம், ஆனால் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று பாருங்கள். 'பெரிய குழந்தை அழுகிறது' என்பது ஹோசாவில் 'உம்ந்த்வானா ஒம்குலு உயாலிலா'. குழந்தைகள் பலரானால் 'அபாந்த்வானா அபாகுலு பயாலிலா'. பெயரின் முன்னொட்டு மாறியதும் பெயரடையும் வினையும் தம் தலையை மாற்றிக்கொள்கின்றன. கொரியத்தில் 'ஆயிகா உந்தா' என்றால் குழந்தை அழுகிறது. குழந்தைகள் எத்தனை பேரானாலும் வினை அசையாது. அழுபவர் பாட்டியானால் மட்டும் 'உசின்தா' என்று நடுவே ஒரு 'சி' நுழையும். கேட்பவர் மதிப்புக்குரியவரானால் ஈறே 'உம்னிதா' என மாறும். ஹோசா வினை எழுவாயின் வகுப்பை, அதாவது முன்னொட்டு காட்டும் பெயர்ப் பிரிவை, பார்க்கிறது; கொரிய வினை எழுவாயின் மதிப்பையும் கேட்பவரின் மதிப்பையும் பார்க்கிறது.

கேள்வி: 'அப்பா, அம்மா' தற்செயல் என்று ஒதுக்குகிறீர்கள். அமெரிக்க மதபோதகர் ஹல்பர்ட் 1905-இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினாரே?

எழுதினார், சோலில் வெளியிட்டார். வினை இறுதியில் வருவது, வேற்றுமை பெயருக்குப் பின் ஒட்டுவது போன்ற ஒற்றுமைகளை அவர் கண்டது உண்மை. அவை துருக்கியத்திலும் ஜப்பானியத்திலும் ஆண்டிஸ் மலையின் கெச்சுவாவிலும் உண்டு. உறவுக்குச் சான்று அதுவன்று.

கேள்வி (அதே வாசகர்): வேறு எதுதான் சான்று? தமிழ் என்றாலே உங்களுக்குக் கசக்கிறதா?

தமிழ் கசந்தால் இதைத் தமிழில் எழுதியிருக்க மாட்டேன். சான்று என்பது ஒழுங்கான ஒலி ஒப்புமை: ஒரு மொழியின் இன்ன ஒலிக்கு மற்றதில் இன்ன ஒலி என்று, நூற்றுக்கணக்கான அடிப்படைச் சொற்களில் மாறாமல் நிகழ வேண்டும். ஹோசாவின் 'அபாந்து', சுவாஹிலியின் 'வாத்து' இரண்டும் மக்களைக் குறிப்பவை. இரண்டுக்குமான ஒலி வேறுபாடு பிற சொற்களிலும் முறைப்படி திரும்ப வருவதால்தான் பாண்டு உறவு நிலைநிற்கிறது. காதுக்கு இனிக்கும் சொற்பட்டியல் போதுமென்றால், ஹோசாவில் தந்தையை 'தாதா' என்பார்கள். நெல்சன் மண்டேலாவையும் அப்படியே அழைத்தார்கள். அவர்களையும் நம் தாத்தாவின் வழியில் சேர்த்துக்கொள்வீர்களா? இனிப் பட்டியல்கள் வேண்டாம்.

கேள்வி: ஹோசாவில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதாமே, இதுவும் கொரிய மரியாதை வழக்கும் ஒன்றா?

ஒன்றல்ல. ஹோசாவில் 'ஹ்லோனிபா' எனப்படும் இவ்வழக்கில், மணமான பெண் மாமனார் பெயரை மட்டுமன்றி அப்பெயரின் அசை வரும் பிற சொற்களையும் தவிர்த்து மாற்றுச்சொல் பயன்படுத்த வேண்டும். அப்படி ஒலியை மாற்றும் தேவையே சொடுக்கொலிகள் மொழிக்குள் பரவ உதவியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இதற்கு இணையாகக் கொரியாவில் தேட வேண்டியது வினையீறுகளை அன்று, பெயர் விலக்கு மரபை. தென்கொரியாவின் தேகு நகரத்தின் பெயரிலிருந்த சீன எழுத்து கன்பூசியஸின் இயற்பெயரோடு ஒத்திருந்ததால், 18-ஆம் நூற்றாண்டில் அதே ஒலியுடைய வேறெழுத்தை இட்டார்கள். ஒலி அப்படியே இருக்க எழுத்து மட்டும் மாறியது. ஹோசாப் பெண்ணுக்கோ ஒலியே விலக்கு. அதோடு, ஹ்லோனிபாவின் பாரம் பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கொரியத் தொடர்களைப் பார்த்தே மொழியைக் கற்கலாமா?

கொரிய ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: 'அப்பா' என்பது...

மேலே மூன்று முறை விடையளித்துவிட்டேன்.

கேள்வி: கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் ஹோசாவை எழுத முடியுமா?

சொடுக்கொலிகளுக்குப் புதிய குறிகளைச் சேர்த்தால் முடியும். 1443-இல் சேஜோங் மன்னர் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குலில் அடிப்படை மெய்களின் வடிவம் வாயுறுப்புகளின் நிலையைக் காட்டும். ஒரு கோடு சேர்த்தால் மூச்சொலி. இந்த முறையை நீட்டிக்கலாம். இந்தோனேசியாவின் சியா-சியா மொழியை ஹங்குலில் எழுதும் முயற்சி 2009-இல் தொடங்கியது. ஆனால் ஹோசா 1823-இல் ஸ்காட்லாந்து மதபோதகர் ஜான் பென்னியின் அச்சகத்தில் ரோமன் எழுத்தேறி, தொடர்ந்து அதிலேயே அச்சாகி வருகிறது. உண்மையில் குறையாக இருப்பது சுருதிக்குறி. அதற்கு ஹங்குலை இரவல் வாங்கவேண்டியதில்லை, உயிரின் மேல் ஒரு கோடு போதும்.