பூச்சி தின்னும் செடிகள் – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் உச்சிப்புளிக்காரி. இப்போது பின்லாந்தில் ஓலு நகரத்து மருத்துவமனையில் நர்ஸ் வேலை. போன ஆகஸ்டில் உடன் வேலை பார்ப்பவர்கள் காட்டுப்பழம் பறிக்க ஒரு சதுப்புக்குக் கூட்டிப்போனார்கள். தரை என்று ஒன்று இல்லை, முழுக்கப் பாசி. பலகைப் பாதையை விட்டு இறங்கினால் முழங்கால் வரை உள்ளே போகிறது. அங்கே நகம் அளவு சிவப்பு இலை, இலை முழுக்கப் பசைத்துளி, அதில் ஒட்டிச் செத்த கொசு. பக்கத்துப் பைன் காட்டில் ஒரு வெள்ளைக் காளான், மேலெல்லாம் ரத்தம் துளிர்த்த மாதிரி. பயந்து தொடவே இல்லை.

இரண்டு கேள்விகள். இந்த மாதிரி விசித்திரமெல்லாம் வடக்கே மட்டும் ஏன் இருக்கிறது? நம்ம பக்கம் மணலும் உப்பளமும் சீமைக்கருவேலும்தானே. இரண்டாவது, இங்கே வசந்த காலத்தில் ஒரு விஷக்காளானை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

ந.

அன்புள்ள ந.,

கொசுவைத் தின்ற அந்த இலை ட்ரோசெரா. அதன் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்பது அந்த இனத்தைத்தான். மழை ஓய்ந்த ஈரமணலில் தரையோடு தரையாகச் சிவப்புப் பொட்டு போல ஒட்டிக் கிடக்கும். ‘எல்லாம் நம்ம ஊரிலும் இருக்கு’ என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. நீங்கள் நின்ற சதுப்புக்கு ஈடாக நம் கடற்கரையில் ஒன்றும் கிடையாது.

அந்தச் சதுப்பைக் கட்டியதே காலுக்குக் கீழே இருந்த பாசிதான். ஸ்பேக்னம் என்று பெயர். காய்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீரில் இருக்கும் கால்சியம் போன்ற தாதுக்களை இழுத்துக்கொண்டு, பதிலுக்கு அமிலத்தை வெளியே விடும். அமிலம், குளிர், அடியில் பிராணவாயு இல்லாமை மூன்றும் சேர்ந்தால் எதுவும் லேசில் மக்காது. செத்த பாசி மேல் பாசி படிந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரும். 1950-இல் டென்மார்க்கில் எரிபொருளுக்காக இந்தப் படிவை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு ஆணின் உடலைக் கண்டு, புதுக்கொலை என்று நினைத்துப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மோவாயில் முளைத்த தாடிமயிர்கூட அப்படியே இருந்தது.

மக்காத இடத்தில் சத்தும் மண்ணுக்குத் திரும்பாது. நைட்ரஜன் எல்லாம் செத்த பாசிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். மழைநீரை மட்டும் நம்பியிருக்கும் மேட்டுச் சதுப்பு என்றால் கீழே இருந்தும் ஒன்றும் வராது. தண்ணீர் தளும்பும், ஆனால் செடிக்குச் சாப்பாடு இல்லை. அதனால்தான் ட்ரோசெரா பூச்சி பிடிக்கிறது. டார்வின் இந்தச் செடியின் மேல் பைத்தியமாக இருந்தார். 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். இலை மேல் அவர் சொட்டாத திரவம் பாக்கியில்லை. பால், முட்டை வெள்ளைக்கரு, எச்சில், மூத்திரம் சொட்டியபோது இலையின் மயிர்கள் வளைந்து மூடிக்கொண்டன. சர்க்கரைக் கரைசல், கஞ்சி, தேநீர், ஆலிவ் எண்ணெய்க்கு அசையவில்லை. நைட்ரஜன் இருந்தால்தான் கை நீட்டுகிறது. பிறகு அவர் மகன் பிரான்சிஸ், இறைச்சித் துணுக்கு போட்டு வளர்த்த செடிகள் அதிகம் விதை வைப்பதைக் காட்டினார்.

இனி நம்ம ஊருக்கு வாருங்கள். அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வெறும் மணலில் அத்தனை உயரத்துக்குச் சவுக்கு எப்படி வளர்கிறது? ஒரு வேரைச் சுற்றி மணலைக் கையால் விலக்கிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், குட்டை விரல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்ட மாதிரி முடிச்சு இருக்கும். சில முடிச்சுகளில் ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் மெல்லிய வேர் மேல்நோக்கி நீண்டிருக்கும். வேர் மேலே பார்த்து வளர்வது முதலில் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். உள்ளே குடியிருப்பது பிராங்கியா என்ற நுண்ணுயிரி. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுத்துவிட்டு, கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. உங்கள் போத்னியா வளைகுடாக் கரையில் வளரும் ஆல்டர் மரத்தின் வேரிலும், சதுப்போரம் வாசனையாக நிற்கும் மிரிக்கா புதரின் வேரிலும் இருப்பது இதே பிராங்கியா இனம். மண்ணில் சத்து அற்றுப்போனால் செடிகள் இப்படிக் கோணல்வழி தேடும். குளிர்நாடா வெயில்நாடா என்பது இரண்டாம்பட்சம்.

திருட்டும் அப்படி ஒரு வழிதான். நம் மணல்மேட்டில் அடும்பு மேலும் தாழை மேலும் மஞ்சள் நூல் கண்டு அவிழ்ந்து விழுந்த மாதிரி படரும் கொத்தானைப் பார்த்திருப்பீர்கள். சமையலறைப் பட்டையும் பிரியாணி இலையும் இதன் குடும்பம் என்றால் நம்பச் சிரமம். மண்ணில்தான் முளைக்கும். பக்கத்துச் செடியைப் பிடித்து, தண்டில் உறிஞ்சிகளைப் பதித்த பிறகு அடிப்பாகம் காய்ந்து, தரைத் தொடர்பு அற்றுப்போகும். ஃபுளோரிடாவில் இதே கொடி, ஓக் இலையில் ஒருவகைக் குளவி உண்டாக்கும் கட்டிகளிலும் உறிஞ்சியைப் பதித்து, உள்ளே இருந்த குளவியைக் காய்ந்த சருகாக்கியதை 2018-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். உங்கள் பைன் காட்டில் இதைவிட நாசூக்கான திருடன் ஒருவன் உண்டு. ஹைப்போபிடிஸ் என்று வெளிறிய மஞ்சளில், பச்சையமே இல்லாமல் தலைகுனிந்து நிற்கும் செடி. மரத்தை அது தொடுவதே இல்லை. பைன் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பூஞ்சணத்தைப் பிடித்து, அதன் வழியாக மரத்தின் சர்க்கரையை உறிஞ்சிவிடுகிறது.

நீங்கள் தொடாமல் வந்த ‘ரத்தக்காளான்’ ஹைட்னெல்லமாக இருக்கும். இளங்காளான் வேகமாக வளரும்போது மிஞ்சிய நீர் துளித்துளியாக மேலே கசிகிறது, நிறமி சேர்ந்து சிவக்கிறது. தொட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அதுவும் மரவேரோடு கூட்டு வைத்த இனம்தான். நம் பக்கத்துப் புத்துக்காளானுக்குக் கூட்டாளி மரமல்ல, கறையான். தண்டைப் பிடித்துத் தோண்டிக்கொண்டே போனால், கறையான்கள் மென்ற சருகில் கட்டி வைத்திருக்கும் பூஞ்சணத் தோட்டத்தில் போய் முடியும். விவசாயத்தை நாம் கண்டுபிடித்தோம் என்று யாராவது பீற்றிக்கொண்டால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

பொங்கலுக்கு வந்தால் கண்மாயில் நீர் வற்றுவதற்குள் ஒருநாள் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே சின்ன மஞ்சள் பூ நிற்கும். கீழே கிடப்பதைப் பாசி என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு கொத்தை உள்ளங்கையில் எடுத்தால் கடுகளவுப் பைகள் தெரியும், சிலவற்றில் கருப்பாக ஏதோ இருக்கும். அது யூட்ரிகுலேரியா. வேரே இல்லாத செடி. பைக்குள் இருந்து தண்ணீரை வெளியேற்றி, சுவர் உள்வாங்கிய நிலையில் காத்திருக்கும். வாசலில் உள்ள மயிரை ஒரு நீர்ப்பூச்சி உரசினால் கதவு திறந்து, நீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும். எல்லாம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள். உங்கள் சதுப்புக் குட்டைகளிலும் இதே இனம் மிதக்கிறது, அங்கே போய் நின்றும் பார்க்கலாம்.

விருந்து விஷயம். அந்தக் காளான் கோர்வாசியேனி, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பழுப்பாக இருக்கும். அதிலுள்ள விஷம் உடம்புக்குள் மோனோமெதில் ஹைட்ரசினாக மாறும். ராக்கெட்டுக்கு எரிபொருளாக ஊற்றுவதும் அதைத்தான். பின்லாந்தில் எச்சரிக்கையோடு கடைகளிலேயே விற்கிறார்கள். நிறையத் தண்ணீரில் இரண்டு தரம் கொதிக்கவைத்து, ஒவ்வொரு தரமும் நீரைக் கொட்டி அலசச் சொல்கிறார்கள். அப்படியும் கொஞ்சம் தங்கும், யார் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். தலைமுறையாகச் சமைப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் நான் சாப்பிட மாட்டேன். நீங்கள் விருந்துக்குப் போங்கள், அந்தக் கிண்ணத்தை மட்டும் அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுங்கள். கொதிக்கும்போது கிளம்பும் ஆவியிலும் விஷம் உண்டு என்பதால், சமையலில் கைகொடுக்கிறேன் என்று அடுப்பருகே நிற்க வேண்டாம்.