ஆஞ்சியோகிராம் சரி, ஆனாலும் நடந்தால் நெஞ்சுவலி

வணக்கம் சகோதரி. சிங்கப்பூரின் ஈசூனில் விரைந்து நடக்கும்போதெல்லாம் நெஞ்சை அழுத்துகிறது, ஆஞ்சியோகிராமில் (இதயத் தமனிகளில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) அடைப்பில்லை என்பதால் மன உளைச்சல் என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். அது அவசர முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆஞ்சியோகிராமில் தெரிவது பெரிய தமனிகள்தாம், ஏறக்குறைய 0.5 மில்லிமீட்டருக்கும் குறுகிய நுண்தமனிகள் தெரியா. உடற்பயிற்சியின்போது இதயத்தசைக்கு ஓய்வில் பாய்வதைப்போல் 3 முதல் 5 மடங்கு இரத்தம் வேண்டும்; அந்நேரத்தில் நுண்தமனிகள் போதிய அளவு விரியாவிட்டால், பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் வலி வரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். நடையை நிறுத்திய பிறகும் வலி நீடிப்பதும், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சரிவரக் கேட்காததும் (நீங்கள் சொன்னவையும் இவைதாமே) இதில் வழக்கம்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மீண்டும் பரிந்துரைக் கடிதம் பெற்று, இதய மருத்துவரிடம் நுண்தமனிக் கோளாறு பற்றி நேரடியாகக் கேளுங்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேன் இரத்த ஓட்டக் குறைவைக் காட்டக்கூடும். வடிகுழாய்வழி அசிட்டைல்கோலின் என்ற மருந்தை இதயத் தமனிக்குள் செலுத்திச் செய்யும் சோதனை, தமனி திடீரென இறுகும் பிடிப்பையும் கண்டறியும். நுண்தமனிக் கோளாறுக்கு உதவும் பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து), தமனிப் பிடிப்பு உள்ளவர்களுக்குக் கேடு செய்யலாம் என்பதால், எது என்று தெரிந்துகொண்டு மருந்து தொடங்குவதே நல்லது. நெஞ்செரிச்சலும் இப்படி வலிக்கும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வெடுத்தும் தணியாமல் வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், பழைய அறிக்கையை நம்பிக் காத்திராமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழையுங்கள்.