√72-ஐச் சுருக்கினால் 3√8 என்பது தவறா?

72-ஐ 9 × 8 என்று பிரித்து 3√8 என எழுதினேன், புத்தகத்தின் விடை 6√2 என்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியது தவறே இல்லை. வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். 8-க்குள் இன்னும் ஒரு 4 இருக்கிறது. அதன் வர்க்கமூலமான 2 வெளியே வரும்போது, ஏற்கெனவே வெளியே நிற்கும் 3-உடன் பெருக்க வேண்டும். கூட்டிவிட்டு 5√2 என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். ஐயம் வந்தால் விடையை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 36 × 2 = 72. 5√2-ஐ வர்க்கப்படுத்தினால் 50தான் வரும்.

"உள்ளே இருக்கும் மிகப் பெரிய முழு வர்க்கத்தைக் கண்டுபிடி" என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. 72-க்குள் 36 இருப்பது கண்ணில் படும். 588-க்குள் 196 இருப்பது எத்தனை பேருக்குப் படும்? பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் தேடவே வேண்டாம். 588 = 2 × 2 × 3 × 7 × 7. இரண்டிரண்டாகச் சேர்பவற்றில் ஒன்று வெளியே வரும், துணையில்லாத 3 உள்ளேயே இருக்கும்: 14√3.

பெரிய எண் என்றால் எதுவரை வகுத்துப் பார்ப்பது? அதன் கனமூலம் வரை போதும். இதைப் பலர் சொல்வதில்லை. √1183-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11-இன் கனம் 1331, 1183-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 2, 3, 5, 7 ஆகியவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 7 வகுக்கிறது, ஈவு 169. அதை இந்த நான்கில் எதுவும் வகுக்காது. இனி ஒரே கேள்வி: 169 முழு வர்க்கமா? ஆம், 13-இன் வர்க்கம். விடை 13√7. முழு வர்க்கமாக இல்லாவிட்டால் அதை அப்படியே உள்ளே விட்டுவிடலாம். கனமூலத்தைவிடப் பெரிய பகா எண்கள் மூன்றைப் பெருக்கினால் எண்ணையே மீறிவிடும். எனவே அதிகபட்சம் இரண்டுதான் எஞ்ச முடியும். அவை சமமாக இருந்தால்தான் வெளியே எடுக்க ஏதாவது இருக்கும்.

கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். √18 + √50-ஐக் கால்குலேட்டரில் போட்டால் 11.3137 என்று வரும். சுருக்கினால் 3√2 + 5√2 = 8√2, அதாவது √128. தசமத்தைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூலக்குறிக்குள் ஒரே எண் இருந்தால்தான் இப்படிக் கூட்ட முடியும். √72 + √27 என்பது 6√2 + 3√3 ஆகும். அதற்கு மேல் சேராது, அதையே விடையாக எழுதிவிடுங்கள்.