மனை விற்றுக் கொடுத்தவருக்குக் கமிஷன் மறுக்கப்பட்டால்…

கேள்வி: வீட்டுமனை விற்கும் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகளாக மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவாக இருக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. பத்திரப்பதிவு முடிந்ததும் கமிஷன் தருவதாகப் பேச்சு. வாடிக்கையாளரை இடம் பார்க்க அழைத்துச் செல்லும் பெட்ரோல் செலவும் என்னுடையதே. ஞாயிற்றுக்கிழமையும் சைட்டில் இருக்க வேண்டும். நான் அழைத்து வந்தவர்கள் வாங்கிய இரண்டு மனைகளுக்குப் பதிவு முடிந்தும் பணம் வரவில்லை. “எழுத்தில் எதுவும் இல்லையே” என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: எழுத்தில் இல்லை என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதபோது, ஒப்படைத்த வேலை முடிந்ததும் முகவருக்கு ஊதியம் சேர வேண்டும் என்கிறது அதன் 219ஆம் பிரிவு. பதிவுக்குப் பிறகே கமிஷன் என்று பேசியிருந்தாலும், இரண்டு மனைகளிலும் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. இனி நீங்கள் நிரூபிக்க வேண்டியவை, வாங்கியவர்களை அழைத்து வந்தவர் நீங்கள் என்பதும் பேசிய விகிதமும்தான். வாட்ஸ்அப் உரையாடல்கள், முன்பண ரசீதுகள், முந்தைய விற்பனைகளுக்கு உங்கள் வங்கிக் கணக்கில் வந்த தொகைகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நிறுவனம் கமிஷனுக்கு வருமான வரி பிடித்திருந்தால் அது, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். நிறுவனமே தாக்கல் செய்த விவரம் என்பதால் அது வலுவான சான்று. பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகளே கெடு என்பதால், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்ற வாக்கை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

ஞாயிறு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு, குறித்த வேலை நேரம், மேலாளரின் அனுமதி, பிற நிறுவனத்தின் மனையை விற்கத் தடை என்று எல்லாக் கட்டுப்பாடும் இருந்தால், நீங்கள் ஊழியரே என்று வாதிட இடமுண்டு. ஆனால் அது ஏற்கப்பட்டாலும், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தரும் வார விடுமுறையும் வாரத்துக்கு 48 மணி நேர வரம்பும் உங்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது; பயணம் செய்து வேலை பார்ப்போருக்கும் வாடிக்கையாளரைத் திரட்டுவோருக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 4ஆம் பிரிவு சொல்வதால், நிறுவனம் அதைக் காட்டி மறுக்கக்கூடும். ஊழியரைப் போல வேலை வாங்கிவிட்டு, பணம் கேட்கும்போது மட்டும் தரகர் என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

கேள்வி: ரெரா (மனை, அடுக்கக விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு இல்லாத தரகர் கமிஷன் கேட்க முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பழைய வீட்டின் மறுவிற்பனைக்கோ வாடகைக்கோ அந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் ரெராவில் பதிவான திட்டத்தின் மனையையோ அடுக்ககத்தையோ விற்றுத்தர, 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி முகவர் பதிவு கட்டாயம். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். கமிஷன் வழக்கிலும் எதிர்த்தரப்பு இக்குறையைக் காட்டிப் பணத்தை மறுக்கக்கூடும். ஆகவே முதலில் பதிவு எண்ணைப் பெறுங்கள். அதைக் குறிப்பிட்டு, விகிதத்தையும் பணம் தரும் நாளையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வாடிக்கையாளரை இடம் பார்க்க அழைத்துச் செல்லுங்கள்.