ஆல்தோ வந்தாச்சு, பட் எதுக்கு?

கேள்வி: ஐயா, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வீ வென்ட் டு குற்றாலம்" என்று எழுதினேன். பயிற்சி வகுப்பில் 'பட்'டை அடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், ரூல் அப்படித்தான் என்கிறார்கள். எனக்கோ அது இல்லாமல் வாக்கியம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறது.
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அடித்தது சரிதான், ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அப்படித் தோன்றுவதிலும் நியாயம் இருக்கிறது. "மழை பெய்தாலும் குற்றாலம் போனோம்" என்கிறோம், இதில் சேர்க்கிற வேலையை 'பெய்தாலும்' என்ற வினையின் வாலே செய்துவிடுகிறது, அதுவும் சரியாக வாக்கியத்தின் நடுவில். "குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி பாளையங்கோட்டை போனேன்" என்பதிலும் 'மற்றும்' எங்கேயும் இல்லை பாருங்கள். நம்ம இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் குறித்திருக்கிறார்: திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களையே விரும்புகின்றன என்று.

ஆங்கிலத்தில் 'ஆல்தோ' முன்னாடியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதல் பாதியை எழுதி முடிப்பதற்குள் அது இருப்பதே நமக்கு மறந்துபோகிறது, காது நடுவில் ஒரு இணைப்பைத் தேடுகிறது, கை தானாக 'பட்' போட்டுவிடுகிறது. இரண்டு பகுதிகளைச் சேர்க்க ஒரு இணைப்புச் சொல் போதும். சந்தேகம் வந்தால் 'ஆல்தோ'வைத் தூக்கி நடுவில் வைத்துப் பாருங்கள்: "வீ வென்ட் டு குற்றாலம் ஆல்தோ இட் வாஸ் ரெயினிங்." இப்போது 'பட்' போட இடமே இல்லை. 'ஆல்தோ'வுக்குப் பின்னால் 'யெட்' வரலாம், அது கொஞ்சம் பழைய நடை, தவறில்லை.

இதே கோளாறுதான் லீவ் லெட்டரிலும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஸோ ஐ கான்ட் கம் டு ஸ்கூல்" என்று எத்தனை பிள்ளைகள் எழுதுகிறார்கள்! 'ஆஸ்' இருந்தால் 'ஸோ' வேண்டாம், 'பிகாஸ்', 'சின்ஸ்' இருந்தாலும் அப்படித்தான். 'இஃப்' வந்த பிறகு 'தென்' போடுவது மட்டும் சரி. அப்புறம், 'டெஸ்பைட்' இணைப்புச் சொல்லே இல்லை, பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: "டெஸ்பைட் தி ரெயின்." அதற்கு 'ஆஃப்' கிடையாது, 'இன் ஸ்பைட்'டுக்குத்தான் 'ஆஃப்'.

கேள்வி: அண்ணாச்சி, கோரைப்பாய் வியாபாரம் செய்கிறேன். வெளியூர் பார்ட்டிக்கு, "அன்லெஸ் யூ டோன்ட் பே அட்வான்ஸ், வீ வில் நாட் சென்ட் தி மேட்ஸ்" என்று எழுதினேன். மகள் பார்த்துவிட்டு, அர்த்தமே தலைகீழாகிப் போச்சு என்கிறாள்.
- வாசகர், பத்தமடை

பதில்: மகள் சொன்னது முழுக்கச் சரி. 'அன்லெஸ்' என்றாலே 'இல்லாவிட்டால்', அதற்குள்ளேயே ஒரு மறுப்பு இருக்கிறது. நீங்கள் 'டோன்ட்' சேர்த்ததும் "பணம் தராமல் இருந்தால்தான் பாய் அனுப்புவோம்" என்று ஆகிவிட்டது. 'தராவிட்டால்' என்பதில் 'ஆ' என்ற ஒரே எழுத்து மறுப்பைச் சுமப்பதால், ஆங்கிலத்திலும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. "அன்லெஸ் யூ பே அட்வான்ஸ், வீ வில் நாட் சென்ட் தி மேட்ஸ்" போதும். 'அன்லெஸ் யூ வில் பே' என்றும் வேண்டாம், அந்தப் பகுதியில் நிகழ்காலம்தான். 'டோன்ட்' இல்லாமல் மனசு ஒப்பவில்லையா, 'இஃப் யூ டோன்ட் பே' என்று எழுதுங்கள். வியாபாரக் கடிதத்துக்கு அதுவே இன்னும் தெளிவு. பழைய கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் இன்றைக்கே திருத்தி இன்னொன்று அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 'அண்ட்', 'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கலாமா?
- மாணவர், தென்காசி

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் தொடங்கியிருக்கிறார்கள். பரீட்சைத் தாளில் மட்டும், திருத்துகிறவர் ஒத்துக்கொள்வாரா என்று உங்கள் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.