டிடிபி-43 ஆன்டிபாடி: 25 கிலோடால்டன் பட்டை ஏன் தெரியவில்லை?

கேள்வி: ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோயால் இறந்தவர்களின் மூளைப் புறணியிலும் தண்டுவடத்திலும் டிடிபி-43 புரதத்தை ஆராய்ந்து வருகிறேன். புரதத்தின் என்-முனைக்கு (தொடக்க முனைக்கு) எதிரான ஆன்டிபாடியை, அதாவது அந்த இடத்தை மட்டும் தேடிப் பற்றும் புரதத்தை, பயன்படுத்துகிறேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் முறை) 43 கிலோடால்டனில் தெளிவான பட்டை வருகிறது. ஆனால் பலரும் குறிப்பிடும் 25 கிலோடால்டன் துண்டு எந்த மாதிரியிலும் தெரியவில்லை. ஆன்டிபாடியை மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் ஆன்டிபாடி கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை, அதன் கண்ணுக்கு எட்டாத ஒன்றை அதனிடம் தேடுகிறீர்கள். டிடிபி-43 மொத்தம் 414 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் நடுவில் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் இரண்டு பகுதிகளும், ஏறத்தாழ 274-ஆம் இடத்திலிருந்து இறுதிவரை கிளைசின் மிகுந்த சி-முனையும் உள்ளன. நோயுற்ற மூளையில் காணப்படும் 25 கிலோடால்டன் துண்டு இந்தச் சி-முனையைச் சேர்ந்தது என்பதால், என்-முனையும் முதலாவது ஆர்.என்.ஏ. பிணைப்புப் பகுதியும் அதில் கிடையாது. எபிடோப்பே (ஆன்டிபாடி பற்றும் இடமே) இல்லாத துண்டில் ஆன்டிபாடி எதைப் பற்றும்? ஆகவே விவரத்தாளில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த அமினோ அமிலங்களுக்கு எதிராக அது உருவாக்கப்பட்டது என்பதைத்தான். அங்கே 'முழுநீளப் புரதம்' என்று மட்டும் இருந்தால், தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இருக்கும் ஆன்டிபாடியைத் தூக்கி எறிய வேண்டாம். அதனுடன் சி-முனைக்கு எதிரான ஒன்றையும், 409, 410 ஆகிய செரின்களில் பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் அறியும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போ ஆன்டிபாடி நோய்த் திரளைகளைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் ஆரோக்கியமான உட்கருவிலுள்ள புரதத்தைக் காட்டாது. நுண்ணோக்கியில் ஒரே நியூரானின் உட்கரு, திரளை இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும்: அருகிலுள்ள செல்களின் உட்கருக்கள் டிடிபி-43 நிறைந்து ஒளிர, நோயுற்ற செல்லின் உட்கரு மட்டும் வெறுமையாகிக் கிடக்கும், அதை ஒட்டிய சைட்டோபிளாசத்தில் நூல் சிக்கலைப் போன்ற திரளை பளிச்சென்று நிற்கும். பாஸ்போ ஆன்டிபாடியை மட்டும் நம்பினால் இந்த வெறுமை கண்ணில் படாமலே போய்விடும்.

பிளாட் செய்யும்போது, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க, பால்பொடிக் கரைசலைத் தவிர்த்து பி.எஸ்.ஏ.வை (மாட்டு இரத்த அல்புமின்) பயன்படுத்துவது நல்லது. பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதமாதலால் பின்னணி கருக்கக்கூடும். பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) தடுப்பான்களைச் சாறெடுக்கும் கரைசலில் சேர்க்க மறக்காதீர்கள்.

திசுச் சாற்றின் எந்தப் பகுதியை ஜெல்லில் ஏற்றினீர்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ரிப்பா என்னும் சோப்புத்தன்மையுள்ள கரைசலில் அரைத்துச் சுழற்றி, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்திருந்தால், எந்த ஆன்டிபாடியாலும் துண்டுகளைக் காண்பது கடினம். திரண்ட புரதம் அடியில் படிந்த வீழ்படிவிலேயே தங்கிவிடுகிறது. அந்த வீழ்படிவைக் கழுவி, சார்கோசில் என்னும் சோப்புப் பொருளிலும் கரையாமல் எஞ்சுவதை யூரியாவில் கரைத்து ஏற்றிப் பாருங்கள். யூரியா கலந்த மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள். சூட்டில் உண்டாகும் சயனேட் புரதத்தின் அமைன்களோடு வினைபுரிந்துவிடும். தண்டுவடத்தில் சி-முனைத் துண்டுகள் புறணியில் உள்ள அளவுக்குச் சேர்வதில்லை. பெரும்பாலும் முழுநீளப் புரதமே திரள்கிறது. எனவே புறணி மாதிரியிலிருந்து தொடங்குங்கள்.

புதிய ஆன்டிபாடி வந்ததும், வளர்ப்புச் செல்களில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (குறிப்பிட்ட எம்.ஆர்.என்.ஏ.வை அழிக்கச் செய்யும் சிறு ஆர்.என்.ஏ.) கொண்டு டிடிபி-43-ஐக் குறைத்து, 43 கிலோடால்டன் பட்டை அதற்கேற்ப மங்குகிறதா என்று பாருங்கள். பல ஆய்வகங்களில் பெப்டைடு போட்டித் தடுப்பே (ஆன்டிபாடி பற்றும் பெப்டைடை முன்பே கலந்து, பட்டை மறைகிறதா என்று பார்ப்பது) போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபாடி தவறான புரதத்தில் ஒட்டியிருந்தாலும் அந்தப் பெப்டைடு அதையும் தடுத்துவிடும் என்பதால், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. புரதத்தை மிகையாக வெளிப்படுத்திய செல்களையும் ஒரே சான்றாகக் கொள்ள வேண்டாம். டிடிபி-43 தன் சொந்த எம்.ஆர்.என்.ஏ.வையே கட்டுப்படுத்தும் புரதமாதலால், வெளியிலிருந்து புகுத்தும்போது செல்லின் இயல்பான அளவு தானாகவே குறைந்து, பட்டைகளைத் தவறாகப் படிக்க நேரிடும். பாஸ்போ ஆன்டிபாடிக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. சோதனை உதவாது, நோயுற்ற திசுவிலிருந்து எடுத்த கரையாப் புரதத்தைப் பாஸ்பட்டேஸுடன் வினைபுரியச் செய்து, சமிக்ஞை மறைகிறதா என்று பார்ப்பதே அதற்குரிய சோதனை.